தேவையில்லாத ஆணிகளும் தமிழாக்கமும்

மென்பொருள் எல்லாம் தமிழில் வர வேண்டும் என்று பேசுகிறவர்களுக்குத் தமிழ்நாட்டில் பஞ்சமே கிடையாது. அதில் கோவைக்குத் தனி இடம் உண்டு. 2010-ஆம் ஆண்டு ஜூன் 23 முதல் 27 வரை உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தபோது, கொடிசியா வளாகத்தில் தமிழ் இணைய மாநாடும் சேர்ந்து நடந்தது. இனி யூனிகோடும் டேஸ்-16 முறையும்தான் அரசின் குறியேற்றங்கள் என்று தமிழக அரசு ஆணை போட்டதும் அந்தச் சமயத்தில்தான். திஸ்கியா, டாமா, டாபா என்று வருடக்கணக்கில் நடந்த சண்டைக்கு ஒருவழியாக முற்றுப்புள்ளி விழுந்தது. நல்ல காரியம்தான். யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனால் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. எந்த எழுத்துக்கு எந்த எண் என்று முடிவு செய்தாயிற்று. அந்த எழுத்துகளை வைத்துக்கொண்டு எதைத் தமிழில் எழுதப் போகிறோம் என்று யாராவது பார்த்தார்களா? பார்த்திருந்தால் ஒன்று தெரிந்திருக்கும். தமிழாக்கத்துக்கு என்று வந்து குவியும் ஆங்கில வரிகளில் ஒரு பங்கு ஏற்கெனவே செத்துப்போனவை.

ஐ.டி. அலுவலகங்களில் வேலைக்கு "ஆணி" என்று ஒரு செல்லப்பெயர் உண்டு. அதில் மோசமான வகை, தேவையில்லாத ஆணி. சம்பளம் வாங்கிக்கொண்டு தேவையில்லாத ஆணி பிடுங்கினால் கூடப் பரவாயில்லை. ராத்திரி பத்து மணிக்கு மேல், சொந்த மின்சாரத்தில், சொந்த இணையச் செலவில், ஒரு பைசா வாங்காமல் உட்கார்ந்து தமிழாக்கம் செய்கிற தன்னார்வலர் தலையில் அதைக் கட்டுவது அநியாயம். அந்த அநியாயம் ரொம்ப நாளாக நடக்கிறது. செய்கிறவர்களுக்கும் தாங்கள் அதைச் செய்கிறோம் என்று தெரியாது.

சரி, விஷயத்துக்கு வரலாம்.

ஸ்கிரிப்ட் என்பது சின்ன நிரல். கோப்புகளைப் பேர் மாற்ற ஒன்று, பேக்கப் எடுக்க ஒன்று, ஒரு வடிவக் கோப்பை இன்னொன்றாக மாற்ற ஒன்று என்று லினக்ஸ் கணினியில் நூற்றுக்கணக்கில் இருக்கும். அதன் பெயருக்குப் பின்னால் இரட்டைக் கோடு போட்டு "ஹெல்ப்" என்று தட்டினால் பத்து வரியோ நாற்பது வரியோ வந்து விழும். இதை இப்படி ஓட்டு, இந்த ஆப்ஷன் போட்டால் இது நடக்கும், அது போட்டால் அது நடக்கும் என்று சொல்லும். அதுதான் உதவிக் குறிப்பு. புத்தகம் வாங்க முடியாதவனுக்கும், இணையம் இல்லாதவனுக்கும், பக்கத்தில் கேட்க ஆள் இல்லாதவனுக்கும் அந்த நாற்பது வரிதான் வாத்தியார்.

இந்த வாத்தியார் பொய் சொல்ல ஆரம்பிப்பது எப்படி? யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. ஷெல் ஸ்கிரிப்ட் ஒன்றைத் திறந்து பார்த்தால் காரணம் புரிந்துவிடும். ஆப்ஷன்களைப் படித்து வேலை செய்கிற பகுதி ஒரு இடத்தில் இருக்கும். உதவிக் குறிப்பை அச்சடிக்கிற பகுதி வேறு இடத்தில் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் எந்த உறவும் கிடையாது. ஒருவர் ஆப்ஷனை எடுத்துவிடுவார், உதவிக் குறிப்பைத் தொட மறந்துவிடுவார். இன்னொருவர் இயல்பு மதிப்பை மாற்றுவார், குறிப்பில் பழைய மதிப்பே நிற்கும். மூன்றாமவர் புதிய ஆப்ஷன் சேர்ப்பார், அதைச் சொல்லவே மாட்டார். நிரல் தப்பாக ஓடினால் கணினி கத்தும். உதவிக் குறிப்பு தப்பாக இருந்தால் யாரும் கத்த மாட்டார்கள். அதனால் அது அப்படியே கிடக்கும். பத்து வருடம் கூடக் கிடக்கும்.

பத்து வருடம் என்பது மிகைப்படுத்தல் இல்லை. கிரெப் என்ற தேடல் கருவியின் உடன்பிறப்புகள் ஈகிரெப், எஃப்கிரெப் இரண்டும். "இவற்றைத் தனியாக அழைக்காதீர்கள், கிரெப் கட்டளையிலேயே ஒரு ஆப்ஷன் போதும்" என்று 2007-லேயே முடிவு செய்துவிட்டார்கள். பிற்காலத்தில் அவை இரண்டும் வெறும் சின்ன ஷெல் ஸ்கிரிப்ட்களாகச் சுருங்கிவிட்டன. பயன்படுத்துகிறவரைப் பார்த்து "இது வழக்கொழிந்தது" என்று ஓட்டும்போதே எச்சரிக்க ஆரம்பித்தது 2022 செப்டம்பரில், 3.8 பதிப்பில்தான். பதினைந்து வருடம்! ஃபிளாப்பியை ஃபார்மேட் செய்யும் கே.ஃபிளாப்பி என்ற நிரல் 2020-இலும் கே.டி.இ. வெளியீடுகளோடு வந்துகொண்டிருந்தது. அதில் உள்ள வரிகளும் மொழிபெயர்க்க வேண்டிய பட்டியலில்தான். ஃபிளாப்பியைக் கண்ணால் பார்த்திராத ஒரு கல்லூரி மாணவர் அதற்குத் தமிழ்ச்சொல் தேடி மண்டையை உடைத்துக்கொண்டிருப்பதை நினைத்துப் பாருங்கள்.

இங்கே ஒரு வித்தியாசத்தைச் சொல்லியாக வேண்டும். ஓய்வு பெறப்போகிற ஆப்ஷன் வேறு, செத்த ஆப்ஷன் வேறு. ஈகிரெப் இன்னும் ஓடுகிறது, பழைய ஸ்கிரிப்ட்கள் அதை நம்பி இருக்கின்றன. அதைப் பற்றி ஒரு வரி எச்சரிக்கை இருப்பது நியாயம், அதை மொழிபெயர்ப்பதும் நியாயம். ஆனால் நிரலிலிருந்தே போய்விட்ட ஆப்ஷனுக்கு நாலு வரி விளக்கம் எதற்கு? பீளமேட்டில் லேத் பட்டறை வைத்திருக்கிற யாரிடம் கேட்டாலும், "ஓடாத மிசினுக்கு எண்ணெய் எதுக்குங்க?" என்றுதான் திருப்பிக் கேட்பார்.

இனி இது தமிழாக்கத்தை எப்படி அடிக்கிறது என்று பார்க்கலாம்.

கட்டற்ற மென்பொருள் உலகில் மொழிபெயர்ப்புக்குப் பெரும்பாலும் பயன்படுவது 1995-இல் வந்த குனு கெட்டெக்ஸ்ட். நிரலில் "இது மொழிபெயர்க்க வேண்டியது" என்று குறியிட்ட வரிகளை அது பொறுக்கி எடுத்து ஒரு கோப்பில் போடும். அந்தக் கோப்புதான் தமிழாக்கம் செய்கிறவர் கைக்கு வரும். நிரலிலிருந்து ஒரு வரியை நீக்கிவிட்டால் கெட்டெக்ஸ்ட் அதைப் புரிந்துகொள்ளும். பழைய மொழிபெயர்ப்பை #~ என்ற குறி போட்டுக் கோப்பின் அடியில் ஒதுக்கி வைக்கும். ரொம்ப ஒழுங்கான பிள்ளை. ஆனால் அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். வரி நிரலில் இருக்கிறதா இல்லையா என்று மட்டும்தான் பார்க்கும். அந்த வரி சொல்வது உண்மையா என்று அதற்குத் தெரியாது. நிரலாளர் விட்டுவைத்த பிணத்தையும் உயிருள்ள வரி மாதிரியே அலங்காரம் செய்து "இதையும் மொழிபெயர்" என்று நீட்டும்.

அடுத்த கூத்து சதவீதக் கணக்கு. க்னோம் திட்டத்தில் 80 சதவீத வரிகளாவது மொழிபெயர்க்கப்பட்டிருந்தால்தான் ஒரு மொழியை "ஆதரவு உள்ள மொழி" என்று வெளியீட்டுக் குறிப்பில் சேர்த்துவந்தார்கள். கணக்குக்கு ஒரு நிரல் தொகுப்பை எடுத்துக்கொள்ளலாம். மொத்தம் 1000 வரி. அதில் 150 செத்த வரி. தமிழ் ஆட்கள் புத்திசாலித்தனமாக உயிருள்ள வரிகளில் மட்டும் 700-ஐ முடித்துவிட்டார்கள். பலகையில் என்ன தெரியும்? 70 சதவீதம். தமிழ் தேறவில்லை. அந்த 150-ஐ யாராவது கூட்டித் தள்ளியிருந்தால் 850-க்கு 700, அதாவது 82 சதவீதத்துக்கு மேல். தமிழ் பாஸ்! ஒரு வரி கூடக் கூடுதலாக மொழிபெயர்க்காமல் தமிழ் உள்ளே வந்திருக்கும்.

இன்னொரு பக்கம், அந்த 150 வரியையும் ஒருவர் விசுவாசமாக மொழிபெயர்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரிக்கு மூன்று நிமிடம் என்றாலும் ஏழரை மணி நேரம். ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை காலி. பெரிய மொழிகளுக்கு இது உறைக்காது. ஜெர்மனுக்கோ பிரெஞ்சுக்கோ ஆள் பலம் உண்டு, பத்துப் பேர் பகிர்ந்துகொள்வார்கள். தமிழில் ஒரு தொகுப்புக்கு ஒருவர் கிடைப்பதே அதிகம். ஏழை வீட்டில்தான் ஒரு படி அரிசி வீணாவது தெரியும்.

இன்னும் கொடுமை, மொத்த உதவிக் குறிப்பையும் ஒரே வரியாகக் கட்டிவைக்கும் பழக்கம். ஷெல் ஸ்கிரிப்டில் நாற்பது வரிக் குறிப்பையும் ஒரே மேற்கோளுக்குள் அடைத்து ஒரே தரம் கெட்டெக்ஸ்ட்டைக் கூப்பிட்டுவிடுவார்கள். எழுதுகிறவருக்கு வசதி. நாளைக்கு அதில் ஒரே ஒரு சொல்லை மாற்றினாலும் என்ன ஆகும்? நாற்பது வரியின் தமிழும் "ஃபஸ்ஸி", அதாவது சந்தேகத்துக்குரியது, என்று ஆகிவிடும். ஃபஸ்ஸியான மொழிபெயர்ப்பை இயல்பாக நிரல் பயன்படுத்தாது. நேற்றுவரை தமிழில் வந்த குறிப்பு இன்று முழுசாக ஆங்கிலத்தில் நிற்கும். மொழிபெயர்த்தவர் மறுபடி வந்து பார்க்கும்வரை அப்படியேதான். அவர் கல்லூரி முடித்து, வேலைக்குப் போய், கல்யாணமும் ஆகிவிட்டிருந்தால்? அவ்வளவுதான், தமிழ் போயே போய்விட்டது.

பாராவாக உடைத்துக் கொடு, முழு வாக்கியமாகக் கொடு, துண்டு துண்டாக ஒட்டாதே என்று கெட்டெக்ஸ்ட்டின் கையேட்டிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். குனு கோர்யூட்டில்ஸ் போன்ற பழைய தொகுப்புகள் நீளமான குறிப்புகளைப் பல துண்டாகப் பிரித்துத்தான் வைத்திருக்கின்றன. வழி தெரியாமல் யாரும் இல்லை. சோம்பல்தான்.

தமிழுக்கு என்று தனியாகச் சில அவஸ்தைகளும் உண்டு. ஆங்கிலத்தில் "அழி" என்ற சொல்லை முன்னால் எழுதி, கோப்பின் பெயரைப் பின்னால் ஒட்டினால் வாக்கியம் முடிந்தது. தமிழில் வினை கடைசியில் வரவேண்டும். கோப்பின் பெயரோடு "ஐ" உருபு சேரவேண்டும். துண்டாகக் கொடுத்தால் அதைச் செய்யவே முடியாது. பிறகு, குறிப்பை அழகாக இரண்டு பத்தியாகக் காட்ட இடைவெளி விசையைத் தட்டித் தட்டி அடுக்கியிருப்பார்கள். தமிழில் உயிர்மெய் எழுத்து ஒன்றுக்கு எத்தனை கட்டம் என்று டெர்மினலுக்கு டெர்மினல் கணக்கு மாறும். சிலவற்றில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று கிடக்கும். அடுக்கிவைத்த பத்தி ஆடிக் காற்றில் பறந்த ஓலை மாதிரி ஆகிவிடும். மொழிபெயர்ப்பவர் இடைவெளிகளைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்கிறார். எதற்கு? இல்லாத ஒரு ஆப்ஷனின் விளக்கத்தை நேராக நிறுத்துவதற்கு! இதைவிடத் தேவையில்லாத ஆணி உலகத்தில் உண்டா?

கலைச்சொல் விஷயத்திலும் பழைய வரிகள் விஷம் வைக்கின்றன. ஒரு காலத்தில் "அடைவு" என்று போட்டார்கள். பிறகு "கோப்புறை" வந்தது. புது வரிகளில் கோப்புறை, யாரும் தொடாத பழைய குறிப்புகளில் அடைவு. ஒரே திரையில் இரண்டும் வந்தால் படிக்கிறவன் இரண்டும் வேறு வேறு என்று நினைப்பான். மொழிபெயர்ப்புக் கருவிகள் பழைய வரிகளிலிருந்து பரிந்துரை எடுத்துக் கொடுப்பதால், செத்த வரியில் இருக்கும் சொல் பேய் மாதிரி புது வரியிலும் ஏறிக்கொள்ளும். ரெட் ஹாட்டில் பிறந்த ஃப்யூல் திட்டம் ஒரு நல்ல பாடம் சொன்னது. அடிக்கடி கண்ணில் படும் சொற்களை மட்டும் முதலில் எடு, அவற்றை ஒழுங்காக முடி என்றது. அந்த புத்தி உதவிக் குறிப்புகளுக்கும் வேண்டும். குறைவாக வை, சரியாக வை.

இதைச் சொன்னால் நாலு விதமான பதில்கள் வரும்.

முதல் பதில்: "கிடந்துட்டுப் போகட்டும், யாருக்கு என்ன நஷ்டம்?" இது நிரலைப் பராமரிப்பவர்களின் பதில். நஷ்டம் அவர்களுக்கு இல்லை, உண்மைதான். ஒரு வரியை விட்டுவைக்க அவர்களுக்கு ஆகும் செலவு பூஜ்யம். அதே வரி ஐம்பது மொழிகளுக்குப் போகிறது, ஐம்பது பேர் அதை உட்கார்ந்து மொழிபெயர்க்கிறார்கள். ஒருவர் ஒரு நிமிடம் மிச்சம் பிடித்ததற்கு ஐம்பது பேர் விலை கொடுக்கிறார்கள். "அந்த ஆப்ஷன் திரும்ப வந்தால்?" என்று கேட்பவர்களுக்கு, பழைய நிரல் கிட் களஞ்சியத்தில் பத்திரமாக இருக்கிறது, பழைய மொழிபெயர்ப்பு #~ குறியோடு கோப்பின் அடியில் இருக்கிறது. எதுவும் தொலையாது. "நாங்கள் தொட்டால் மொழிபெயர்ப்பு எல்லாம் ஃபஸ்ஸி ஆகிவிடுமே" என்பது கொஞ்சம் நியாயமான பயம். அதற்கும் மருந்து இருக்கிறது. முதலில் குறிப்பைத் துண்டுகளாக உடையுங்கள், பிறகு செத்த துண்டை மட்டும் எடுங்கள். இதை ஒரு வெளியீடு முடிந்த கையோடு செய்யுங்கள். அடுத்த வெளியீட்டுக்காக வரிகளை உறையவைக்கும் நேரம் வருவதற்குள் மொழிபெயர்ப்பவர்களுக்குப் பல வாரம் கிடைக்கும்.

இரண்டாவது பதில்: "கட்டளை வரியில் ஹெல்ப் தட்டுகிறவனுக்கு ஆங்கிலம் தெரியாமலா இருக்கும்? தமிழில் யார் படிக்கப்போகிறார்கள்?" இது ஊர் பெரிய மனிதர்களின் பதில். 2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தபோது விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்துக் கொடுத்தது. 2019-இல் வந்த 12-ஆம் வகுப்பு கணினி அறிவியல் பாடநூல் பைத்தான் சொல்லித்தர ஆரம்பித்தது, தமிழ் வழிப் புத்தகமும் உண்டு. அவிநாசியிலோ தாராபுரத்திலோ அரசுப் பள்ளியில் அதைத் தமிழில் படித்துப் பரீட்சை எழுதுகிற பிள்ளை, புத்தகத்தை மூடிவிட்டுக் கணினியைத் திறந்தால் கறுப்புத் திரையில் ஆங்கிலம் மட்டும்தான். வீட்டில் முதன்முதலாகப் படிக்கிற பிள்ளைக்கு ஹெல்ப் என்று தட்டினால் தமிழில் நாலு சரியான வரி வருவது சின்ன விஷயமா? "யார் படிக்கிறார்கள்" என்று கேட்பவர்கள், படிக்கும்படி எதையாவது வைத்துவிட்டுக் கேட்கட்டும்.

இன்னொன்றும் யோசிக்க வேண்டும். ஆங்கிலம் தெரிந்தவன் உதவிக் குறிப்பில் தப்பு இருந்தால் இணையத்தில் தேடிச் சரியானதைக் கண்டுபிடித்துவிடுவான். தமிழில் மட்டும் படிக்கிறவனுக்கு அந்த இரண்டாவது வாய்ப்பு குறைவு. குறிப்பில் இருக்கும் ஆப்ஷனை அப்படியே தட்டுவான், கணினி "அப்படி ஒன்று இல்லை" என்று சொல்லும். அவன் குறிப்பைச் சந்தேகப்பட மாட்டான். தன்னைத்தான் சந்தேகப்படுவான். "நமக்கு இது வராது" என்று முடிவு கட்டுவான். செத்த வரி செய்கிற உண்மையான கேடு அதுதான்.

மூன்றாவது பதில் புதுசு: "இப்போதுதான் இயந்திரம் மொழிபெயர்க்கிறதே, எதற்கு இந்தக் கவலை?" கூகுள் மொழிபெயர்ப்பில் தமிழ் வந்தது 2011-இல். அன்றைக்கு அது எழுதிய தமிழைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் இல்லை. இன்றைய செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் எவ்வளவோ தேவலை, ஒத்துக்கொள்ளலாம். ஆனால் அவற்றுக்கும் கொடுத்த வரி உயிரோடு இருக்கிறதா என்று தெரியாது. இல்லாத ஆப்ஷனைப் பற்றித் தங்குதடையில்லாத அழகான தமிழில் எழுதிக் கொடுக்கும். முன்பு தப்பான தகவல் தடுமாறுகிற தமிழில் வந்தது, படிக்கிறவன் உஷாராக இருந்தான். இனி தப்பான தகவல் நல்ல தமிழில் வரும், நம்பிவிடுவான். இயந்திரம் வந்த பிறகுதான் கூட்டிப் பெருக்குவது இன்னும் அவசியம்.

நாலாவது பதில் தமிழ் ஆர்வலர்களிடமிருந்தே வரும்: "எங்கள் வேலை மொழிபெயர்ப்பு. நிரலைத் திருத்துவது நிரலாளர் வேலை." கோபம் வருவது இந்தப் பதிலுக்குத்தான். கொங்கு மண்ணுக்குக் கலைச்சொல் பாரம்பரியம் பெரியது. 1916-லேயே சேலத்தில் ராஜாஜியும் நண்பர்களும் அறிவியலுக்குத் தமிழ்ச்சொல் உண்டாக்க ஒரு சங்கம் வைத்தார்கள். கோவையில் ஜி.ஆர். தாமோதரன் "கலைக்கதிர்" என்று அறிவியலுக்கென்றே ஒரு தமிழ்ப் பத்திரிகை நடத்தினார். அந்தப் பெருமையில் எல்லோருக்கும் புதுச்சொல் உண்டாக்கத்தான் ஆசை. மௌஸுக்குச் சுட்டியா, சொடுக்கியா என்று மாசக்கணக்கில் சண்டை போட ஆள் உண்டு. சொல் உண்டாக்கினால் பேர் கிடைக்கும், மாநாட்டில் கட்டுரை வாசிக்கலாம். குப்பை கூட்டினால் என்ன கிடைக்கும்? ஒன்றும் கிடைக்காது. அதனால்தான் குப்பை அப்படியே இருக்கிறது.

நொய்யல் ஆற்றை நம்பி உக்கடம், குறிச்சி, சிங்காநல்லூர் என்று குளங்கள் இருக்கிற ஊர் இது. தூர் வாராத குளத்தில் எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் நிற்காது என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 2003-இல் "சிறுதுளி" தொடங்கியபோது குளம் தூர்வார ஊரே திரண்டது. அன்றைக்கு யாரும் "தண்ணீர் விடுவதுதான் எங்கள் வேலை, சேறு எடுப்பது இன்னொருவர் வேலை" என்று சொல்லவில்லை. தமிழாக்கத்தில் மட்டும் ஏன் அந்தப் பேச்சு?

சொல்லப்போனால் இந்த வேலைக்குக் கோவையைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. சாலைக்குச் சாலை பொறியியல் கல்லூரி. தொழிற்சாலைச் சுவர்களில் "5 எஸ்" என்று பலகை. தேவையானதையும் தேவையில்லாததையும் பிரி என்பதுதான் அதில் முதல் பாடம். தமிழாக்கம் செய்ய நல்ல தமிழ் வேண்டும், எல்லா மாணவருக்கும் அது கைவராது. செத்த வரியைக் கண்டுபிடிக்க அது கூட வேண்டாம். ஸ்கிரிப்டைத் திற. ஆப்ஷன்களைப் படிக்கிற பகுதியைப் பார். அதில் இருப்பவற்றை ஒரு தாளில் எழுது. உதவிக் குறிப்பில் இருப்பவற்றை எதிரே எழுது. இந்தப் பக்கம் இல்லாதது அந்தப் பக்கம் இருந்தால் அதுதான் பிணம். ஒவ்வொரு ஆப்ஷனையும் ஒரு தரம் ஓட்டிப் பார்த்து உறுதி செய். நீக்கி ஒரு பேட்ச் போட்டு அனுப்பு. வரி சேர்க்கிற பேட்சைவிட வரி குறைக்கிற பேட்சைப் படித்துப் பார்ப்பது எளிது, ஏற்றுக்கொள்ளப்படும் வாய்ப்பும் அதிகம். இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் ஒரு சாயங்காலத்தில் ஒரு ஸ்கிரிப்டை முடிக்கலாம்.

கொஞ்சம் தேறியவர்கள் அடுத்த படிக்குப் போகலாம். நாற்பது வரிக் கட்டியை ஆப்ஷனுக்கு ஒன்றாக உடைக்கலாம். ஆப்ஷனின் பெயரையும் இடைவெளிகளையும் மொழிபெயர்க்கும் வரிக்கு வெளியே வைத்துவிட்டு, அடுக்கும் வேலையை நிரலிடம் விடலாம். பைத்தான் என்றால் ஆர்க்பார்ஸ் நூலகம் இருக்கிறது. அதில் ஆப்ஷனும் விளக்கமும் ஒரே இடத்தில் உட்காரும், ஆப்ஷனை எடுத்தால் விளக்கமும் கூடவே போய்விடும். பழைய ஸ்கிரிப்ட்களுக்காக ஓடியே ஆக வேண்டிய ஆப்ஷனின் விளக்கத்தை மட்டும் மறைக்கவும் அதில் வழி உண்டு. 2024-இல் வந்த பைத்தான் 3.13-இல் ஒரு ஆப்ஷனை "வழக்கொழிந்தது" என்று குறிக்கவே தனி வசதி சேர்த்துவிட்டார்கள். கருவி எல்லாம் தயார். கை வைக்க ஆள்தான் வேண்டும்.

வருடத்துக்கு ஒரு தரம் கல்லூரிகளில் தமிழ் மன்றம் விழா எடுக்கிறது, கணினித் துறை சிம்போசியம் நடத்துகிறது. விழாவில் கணினித் தமிழ் பற்றி ஒரு சிறப்புரை, சிம்போசியத்தில் கட்டற்ற மென்பொருள் பற்றி ஒரு சிறப்புரை. இரண்டையும் சேர்த்து ஒரே ஒரு நாள், ஒரு லேபில் முப்பது பேரை உட்காரவைத்து, ஆளுக்கு ஒரு ஸ்கிரிப்ட் கொடுத்து, செத்த வரிகளைப் பிடுங்கச் சொன்னால் அந்த வருடத் தமிழாக்கக் கோப்பு இளைத்து வரும். சிறப்புரைக்கு ஆகும் சால்வைச் செலவு கூட ஆகாது :-)

இதில் தமிழுக்கு மட்டும் லாபம் இல்லை. கோவையில் ஒருவர் நீக்கிய வரியை நாளைக்குக் கன்னடத்துக்காரரும் வியட்நாம்காரரும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை. பல வருடமாகப் பிறர் எழுதிய கட்டற்ற மென்பொருளை வாங்கி அனுபவித்ததற்கு ஒரு கைமாறு என்று வைத்துக்கொள்ளலாம்.

எத்தனை ஆயிரம் வரி மொழிபெயர்த்தோம் என்று மேடையில் கணக்குச் சொல்வதை ஒரு வருடம் நிறுத்திவைக்கலாம். எத்தனை வரியை மொழிபெயர்க்க வேண்டியதில்லாமல் செய்தோம் என்று சொல்லட்டும். அதற்குக் கைதட்ட வேண்டும். அப்புறம் மிஞ்சுகிற உயிருள்ள வரிகளுக்கு நல்ல தமிழ் எழுதட்டும். தாராபுரத்துப் பிள்ளை ஹெல்ப் என்று தட்டும்போது நாற்பது வரி வர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. எட்டு வரி வந்தால் போதும். எட்டும் உண்மையாக இருக்க வேண்டும்.